தகட்டில் ஒரு கை

என் கிட்டாரில் கேபிள் செருகுகிற ஓட்டை தப்பான இடத்தில் இருந்தது. மதுரையில் பழையதாக வாங்கிய கிட்டார். அதைச் செய்த மகராசன் ஓட்டையை முன்பக்கத்தில், நெஞ்சுக்கு நேராக வைத்துவிட்டான். மேடையில் நின்று வாசிக்கிறவனுக்கு அதனால் தொல்லை இல்லை. நான் வாசித்ததோ சிவகாசியில் எங்கள் கோயிலின் பாடகர் குழுவில். அங்கே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். முன்னால் பாட்டுப் புத்தகம் வைக்கிற பலகை இருக்கும். கொஞ்சம் அசைந்தாலும் கேபிளின் முனை அந்தப் பலகையில் இடிக்கும், ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு சத்தம் வரும். ஒருமுறை ஜெபத்தின் நடுவில் அப்படி வந்து, குருவானவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

குழுத் தலைவர் ஆலங்குளம் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு மெதுவாக வரும், முடிவு மட்டும் மாறாது. அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். சனிக்கிழமை பாட்டு ஆராதனையில் இன்னொரு தடவை சத்தம் கெடுத்தால், எலக்ட்ரிக் கிட்டார் இனிமேல் கோயிலுக்குள் வராது, ஆர்மோனியமே போதும். அச்சகத்தில் பட்டாசு லேபிள் அடிக்கிற மெஷினோடு வாரம் ஆறு நாளும் மல்லுக்கட்டுகிறவன் நான். நானாக எழுப்புகிற சத்தம் என்று எனக்கு இருந்தது அந்த ஒன்றுதான். அதுவும் போனால் நான் எதற்கும் ஆகாதவன் என்று அப்போது உறுதியாக நம்பினேன். இருபத்து மூன்று வயதில் எல்லாவற்றையும் உறுதியாகத்தான் நம்பத் தோன்றுகிறது.

ஓட்டையைப் பக்கவாட்டுக்கு மாற்றிவிட்டால் பலகையில் இடிக்காது. கிட்டாரின் கீழ் விளிம்பில் ஒரு ஓட்டை போட்டு, அது உள்ளே ஒயர்கள் இருக்கிற குழியில் போய்த் திறக்க வேண்டும். மேலே ஒரு உலோகத் தகடு வைத்து முடுக்க வேண்டும். கை வேலை தெரிந்தவர் என்று எனக்குத் தெரிந்தது அக்காவின் கணவரைத்தான். அத்தான் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் மருந்து கலக்குகிறவர். கேட்டவுடன் சரி என்றார். ரெண்டு நாளில் ஒரு பித்தளைத் துண்டை அறுத்து, விளிம்பெல்லாம் ராவி, நடுவில் துளை போட்டு வைத்திருந்தார். முன்பக்கத்துப் பழைய ஓட்டையை அடைக்க, வெடிக்குக் குழாய் சுற்றுகிற மாதிரி காகிதத்தைப் பசை தடவி இறுகச் சுருட்டி ஒரு தக்கை செய்திருந்தார். தட்டிப் பார்த்தால் மரம் மாதிரி இருந்தது.

அத்தானிடம் ஒரு பழக்கம் உண்டு. மருந்து கலக்குகிற அறையின் வாசலில் ஒரு பித்தளைத் தகடு பதித்து, அதிலிருந்து மண்ணுக்குள் கம்பி விட்டிருப்பார்கள். உள்ளே போகிறவர் அதில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத மின்சாரம் அப்படியே மண்ணுக்கு இறங்கிவிடும். ரெண்டு கையிலும் தட்டு ஏந்திப் போகிறவருக்குத் தொட முடியாதே, அப்போது பின்னால் வருகிறவர் தகட்டில் ஒரு கையும் முன்னால் போகிறவரின் வெறும் முழங்கையில் ஒரு கையும் வைப்பாராம். இது கம்பெனியோடு போயிருந்தால் பரவாயில்லை. வீட்டில் குழந்தையைத் தூக்குவதற்கு முன்னாலும் அத்தான் ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொடுவார். கோயிலிலும் கடைசி பெஞ்சில், வாசலை ஒட்டித்தான் உட்காருவார். நான் இதையெல்லாம் வைத்து அவரைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, அச்சகத்து மெக்கானிக்கிடம் ட்ரில் மெஷினை இரவல் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். ஆறு மணிக்கு ஆராதனை. மருந்து கலக்குகிறவர்கள் விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள், ஆனால் சீசன் நெருக்கடியில் அத்தான் ஒரு மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். வந்தவர் கிட்டாரைத் தொடவில்லை. நேராகக் கொல்லைக்குப் போய் உடுப்பைக் கழற்றித் தண்ணீரில் முக்கினார். தலையோடு குளித்தார். நகத்தில் ஒட்டியிருந்த வெள்ளிப் பொடியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார், அது என்றைக்கும் போனதில்லை. சாப்பிட்டார். பிறகு முற்றத்துத் தரையை நனைத்து, ஒரு வாளி நிறையத் தண்ணீரும் அதில் ஒரு செம்பும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். மணி ரெண்டேகால் ஆகிவிட்டது.

“கிட்டாருக்குள்ள மருந்தா அத்தான் அடைச்சிருக்கு?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டார்.

பின்பக்க மூடியைத் திறந்து வைத்தேன். அத்தான் சாக்கை விரித்து, கிட்டாரை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பென்சிலால் குறித்த இடத்தில் நான் ட்ரில் போட்டேன். இரவல் மெஷினில் அலகும் மொட்டையாக இருந்தது. மரத்தைக் குடைவதை விட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தது. கை நடுங்கினால் மேல் பூச்சு பிளந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். மெஷினின் காற்றுத் துளைகளுக்குள் நீலமாகப் பொறி தெறிப்பது எனக்கே தெரிந்தது. அத்தானின் கண் அதிலேயே இருந்தது. மரம் கருகுகிற வாசனை வந்தது. ஒருவழியாக அலகு குழிக்குள் இறங்கியது. நான் மெஷினை வெளியே எடுத்தேன். குழியில் குவிந்திருந்த மரத்தூளிலிருந்து ஒரே ஒரு இழை புகை எழுந்தது.

அடுத்த நொடி அத்தான் ஒரு செம்புத் தண்ணீரை அந்தக் குழிக்குள் ஊற்றியிருந்தார்.

செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவரே திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். “கை தானாப் போயிருச்சு மாப்ளே” என்றார்.

ஒயர், குமிழ், காந்தச் சுருள் எல்லாம் தண்ணீரில் கிடந்தன. எனக்குக் கண் மண் தெரியவில்லை. கிட்டாரைப் பிடுங்கிக் கவிழ்த்தேன், உதறினேன், துண்டின் நுனியைக் குழிக்குள் திணித்து வெடுக்கென்று இழுத்தேன், மறுபடி திணித்தேன். அக்கா குழந்தையோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

“உள்ள அந்தக் கறுப்பு ஒயரு…” என்று அத்தான் ஏதோ தொடங்கினார்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒங்க பயத்தையெல்லாம் கம்பெனியிலயே வச்சிட்டு வாங்க. இங்கன எதுக்குத் தூக்கிட்டு வாறீக?” என்றேன்.

ஒருநாளும் அவரிடம் அப்படிப் பேசினதில்லை. அந்த அறையில் அவரோடு வேலை பார்த்த ரெண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அத்தான் வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

மொட்டைமாடி வெயிலில் கிட்டாரை நாலு மணி வரைக்கும் காய வைத்தேன். பிறகு ஓட்டையில் தகட்டை முடுக்கி, ரெண்டு ஒயரைப் பற்றவைத்து, அவசரத்தில் உள்ளே வேறெதையும் பார்க்காமல் மூடியைப் போட்டேன். காகிதத் தக்கை பழைய ஓட்டையில் சிக்கென்று உட்கார்ந்தது. சத்தம் வருமா என்று பார்க்க வீட்டில் ஆம்ப் கிடையாது, அது கோயிலில் இருந்தது. அத்தானிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன்.

ஐந்தரைக்குக் கோயிலில் கேபிளைச் செருகினேன். சத்தம் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து பலகையை ஒட்டி நகர்ந்து பார்த்தேன், எதுவும் இடிக்கவில்லை. அப்பாடா என்று கம்பிகளில் கை வைத்தேன். உர்ரென்று ஒரு இரைச்சல் கிளம்பி நின்ற பாடில்லை. சாதாரணமாகக் கம்பியைத் தொட்டால் இரைச்சல் அடங்கும். இன்றைக்குத் தொடத் தொடக் கூடியது. ஜனங்கள் வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள். தலைவர் என் பக்கம் குனிந்து, இந்த இரைச்சலோடு வேண்டாம் தம்பி, மூடி வைத்துவிட்டுச் சும்மா பாடு என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

கேபிளைப் பிடுங்கப் போனேன். என் விரல் பித்தளைத் தகட்டில் பட்டது. இரைச்சல் நின்றது. விரலை எடுத்தேன், மறுபடி வந்தது. வைத்தேன், நின்றது. அதனால் என்ன பயன்? வாசிக்கிறவனுக்கு ரெண்டு கையும் கம்பியில் இருக்க வேண்டும்.

நிமிர்ந்து பார்த்தால் கடைசி பெஞ்சிலிருந்து அத்தான் எழுந்து வந்துகொண்டிருந்தார். அத்தனை பேரும் பார்க்க நடுப்பாதை வழியாக முன்னால் வந்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு என் காலடியில் தரையில் உட்கார்ந்தார். பெஞ்சுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கையை நீட்டித் தகட்டில் வைத்தார். இன்னொரு கையால் என் வெறுங்காலைக் கணுக்காலோடு பிடித்துக்கொண்டார். ஸ்பீக்கர் ஓய்ந்தது. மேலே மின்விசிறி சுற்றுவது கேட்டது.

“நான் புடிச்சுக்கிடுதேன். நீ வாசி” என்றார்.

தலைவர் ஒரு நிமிடம் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தார். பிறகு ஆரம்பிக்கக் கையைத் தூக்கினார்.

ஐந்து பாட்டு. முக்கால் மணி நேரம். வாசலை விட்டு இரண்டு பெஞ்சு தள்ளிக்கூட உட்காராத மனிதர், ஜனம் நிறைந்த கோயிலின் முன்கோடியில், எழுந்து போக வழியில்லாத இடத்தில் அசையாமல் இருந்தார். கோயிலில் எப்போதும் மடக்கி வைத்துக்கொள்கிற அந்த வெள்ளி நகங்கள் எல்லாருக்கும் தெரிந்தன. மூன்றாவது பாட்டில் அவர் கை வியர்த்து என் காலில் வழுக்கியது, இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் ஒரு சுரம்கூடத் தப்பவிடவில்லை. வெட்கத்தில் எனக்கு முகமெல்லாம் எரிந்தது. நான் கேபிளைப் பிடுங்கின பிறகுதான் அவர் கையை எடுத்தார். தலைவர் போகிற போக்கில், அடுத்த வாரப் பாட்டுக்குச் சுரம் பார்த்துக்கொண்டு வரச் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். கம்பிகள் முடிகிற இரும்புக் கட்டைக்குப் போகிற கறுப்பு ஒயர் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. என் உடம்பிலிருந்து இறங்க வேண்டியதை இறக்குகிற ஒயர் அதுதான். தண்ணீர் அதைப் பிய்த்திருக்க முடியாது.

“நீ துண்டை இழுக்கும்போதே வந்துருச்சு மாப்ளே” என்றார் அத்தான்.

“பாத்தீகளா?”

“சொல்ல வந்தேன்.”

அவருடைய உள்ளங்கையில் தகட்டின் நான்கு மூலையும் பதிந்து சிவந்திருந்தது. மன்னிச்சிருங்க அத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அக்கா குழந்தையோடு வந்துவிட்டாள். அத்தான் கோயில் கேட்டின் இரும்புக் கம்பியை ஒரு தடவை தொட்டுவிட்டு மகளை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குழந்தை என்னிடம் வரக் கையை நீட்டியது. நானும் போய்க் கம்பியைத் தொட்டுவிட்டு வந்துதான் வாங்கினேன்.