கேள்வியில் இருந்தது அஞ்சு

கணக்குல இருநூத்துக்கு இருநூறு எடுத்தவ நான். பெருமைக்குச் சொல்லலை, கேக்கறவங்களுக்கு முதல்ல அது தெரியணும். நாமக்கல் பக்கம் நான் படிச்ச ஹாஸ்டல் ஸ்கூல் வாசல்ல என் மூஞ்சி ஃபிளெக்ஸ்ல தொங்குச்சு. எருமப்பட்டி பஸ் ஸ்டாண்டுலயும் ஒண்ணு கட்டியிருந்தாங்க. எங்கப்பா லாரி டிரைவர். அந்த ஃபிளெக்ஸைப் பாத்துட்டுத்தான், பத்தாவது முடிச்ச என் தங்கச்சியையும் அதே ஸ்கூல்ல கொண்டுபோய்ச் சேத்தாரு. அவளுக்கு உள்ளூர் ஸ்கூல்லயே இருக்கத்தான் ஆசை. அக்கா மாதிரி வர வேண்டாமா சாமின்னு அப்பா கேட்டதும் பொட்டியைக் கட்டிட்டா.

அந்த வருஷமே நான் சேலத்துக்கு வெளிய ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல சேந்தேன். பயமெல்லாம் ஒண்ணும் இல்லை. ஹாஸ்டல் சோறும், விடியக்கால பெல்லும் ரெண்டு வருஷமாப் பழகுனதுதானே. கூடப் படிச்ச சேலத்துப் புள்ளைங்க எனக்கு பிராய்லர்னு பேரு வெச்சாங்க. பண்ணைக் கோழியாட்டம் அடைச்சு வெச்சு வளத்த ஸ்கூல்ல இருந்து வந்தவளாம். போங்கடி, மார்க்கு வரட்டும், அப்பப் பேசிக்கலாம்னு இருந்தேன். மண்டைக்கனம்தான், வேறென்ன.

மொதல் டெஸ்ட்டு வந்துச்சு. கணக்குப் பாடத்துல மேட்ரிக்ஸ். புக்குல போட்டுக் காட்டியிருந்த கணக்கு அத்தனையும் எழுதி எழுதி மனப்பாடம் பண்ணியிருந்தேன். கண்ணை மூடுனா பக்கம் தெரியும். கேள்வித்தாளைப் பாத்ததுமே இது எந்தப் பக்கம்னு தெரிஞ்சு போச்சு. எல்லாரும் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு இருந்தப்ப, அரைமணி முன்னாடியே பேப்பரைக் குடுத்துட்டு வெளிய வந்தேன்.

அம்பதுக்கு ஏழு.

மார்க்கைக் கூட வுடுங்க. கணக்கு மேடம் என்னை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு, பிட்டு எங்க வெச்சிருந்தேன்னு கேட்டாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பக்கத்துப் பேப்பரைக் கூட ஒருநாளும் எட்டிப் பாத்தவ இல்லை நான். புக்குல இருக்கறது கமா மாறாம வந்திருக்கே, பாக்காம எப்படி எழுத முடியும்னாங்க. மனப்பாடம்னு சொன்னேன், நம்பலை. ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, என் முன்னாடியே எழுதுன்னாங்க. வந்த ரோஷத்துல ரெண்டு பக்கம், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாம எழுதிக் குடுத்தேன்.

அவங்க தாளைப் பாத்தாங்க, அப்புறம் என்னைப் பாத்தாங்க. மூஞ்சியில இருந்த கோவம் போயிருச்சு. கேள்வித்தாளை என் பக்கமாத் திருப்பி வெச்சாங்க.

"இதுல மொத நம்பர் என்ன?"

"அஞ்சுங்க மேடம்."

"நீ என்ன எழுதியிருக்கே?"

"மூணுங்க."

"ஏன்?"

"அந்தக் கணக்குல மூணுதாங்க மேடம் வரும்."

சொன்ன பொறவுதான் அது என் காதுலயே வுழுந்துச்சு. ஒவ்வொரு கணக்குலயும் ஒரே ஒரு நம்பரை மாத்திக் கேட்டிருக்காங்க. அஞ்சை என் கண்ணு பாத்திருக்கு, கை பாட்டுக்கு மூணை எழுதியிருக்கு. சரி, அஞ்சை வெச்சே போடுன்னாங்க. போட முடியலை. இந்த வரிக்கு அடுத்தது இந்த வரி வரும்னு எனக்குத் தெரியும், ஏன் வருதுன்னு தெரியாது. இதுக்கு அடிப்படை பதினொண்ணாவதுலயே இருக்குமேன்னு மேடம் கேட்டாங்க. பதினொண்ணாவதுக்குப் பொதுத்தேர்வு இல்லாத காலம் அது. சேந்த மறுநாளே எங்களுக்குப் பன்னெண்டாவது பாடம் ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு வருஷமும் அதே பாடம், அதே கணக்கு, தெனமும் டெஸ்ட்டு.

வெளிய வந்து வராண்டாவுல நின்னப்ப அழுகை வந்துச்சு. மார்க்குக்காக இல்லை. தங்கச்சி அங்கதானே இருக்கா. நான் அப்பாகிட்டச் சொன்னா என் இருநூறு போச்சு. சொல்லாட்டி அவ போச்சு.

சரஸ்வதி பூஜைக்கு ஊட்டுக்குப் போனேன். தங்கச்சியும் லீவுக்கு வந்திருந்தா. சாமி முன்னால புக்கெல்லாம் அடுக்கி அம்மா சந்தனம் வெச்சிருந்தாங்க. என்னோட பதினொண்ணாவது கணக்கு புக்கு அடியில இருந்துச்சு, மடிப்பே வுழாம, இன்னிக்குத்தான் குடுத்த மாதிரி. மேல தங்கச்சியோடது. படிக்கறது பதினொண்ணு, இருந்தது பன்னெண்டாவது புக்கு, ஓரமெல்லாம் கறுத்துப் போய்.

லாரிக்குப் பூசை போட்டுட்டு அப்பா பொரியோட வந்தாரு. அவருகிட்ட வாயைத் தெறந்தா, காலேஜ் கஷ்டமா இருக்குதுங்கப்பான்னு மட்டும்தான் வந்துச்சு. புது எடம் அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாயிரும்னுட்டாரு. ச்சீன்னு ஆயிருச்சு எனக்கு. தங்கச்சியைக் கூப்பிட்டேன். அவ புக்குல இருக்கற கணக்கு ஒண்ணை, எனக்குத்தான் தலைகீழாத் தெரியுமே, ஒரு நம்பரை மட்டும் மாத்தி எழுதிக் குடுத்துப் போடச் சொன்னேன். இன்னிக்கு எழுதக்கூடாதுக்கா, புக்கும் பூசையில இருக்குதேன்னா. புக்கு வேண்டாம், ஒரே ஒரு கணக்குத்தான்னேன். இவ கொஞ்சம் நின்னு யோசிக்கணும், இல்லாட்டி தெரியலைன்னாவது சொல்லணும்னு சாமியைக் கும்பிட்டுக்கிட்டேன்.

அவ யோசிக்கவே இல்லை. பேனா நிக்காம ஓடுச்சு. அப்பா பொரித்தட்டைக் கையில வெச்சுக்கிட்டு, நம்ம லாரி கூட இந்த வேகம் போகாதுன்னு சிரிச்சாரு. அவ முடிச்சுட்டு, விடைக்கு அடியில ரெண்டு கோடு போட்டா.

தாளை வாங்கி அப்பாகிட்டக் குடுத்தேன். எட்டாவதோட நின்னவரு, ஆனா நம்பர் தெரியாதா என்ன. நான் கேட்டதையும் அவ எழுதினதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்கன்னேன். வெரலை வெச்சு ரெண்டு தரம் பாத்தாரு. இங்க ஏழு இருக்குது, இவ நாலுன்னு எழுதியிருக்கறாளேன்னாரு.

தங்கச்சி எட்டிப் பாத்தா. "அந்தக் கணக்குல நாலுதாங்கப்பா வரும்."

அப்பத்தான் எல்லாத்தையும் சொன்னேன். ஏழு மார்க்கு, பிட்டுன்னு கேட்டது, அந்த இருநூறு எப்படி வந்துச்சுங்கறது, எல்லாமே. போகச் சொன்ன ஊரை வுட்டுட்டு, பழகுன ஊருல லோடை எறக்கிட்டு வர்ற மாதிரியான்னு அப்பா கேட்டாரு. ஆமாங்கப்பான்னேன். பொரித்தட்டைக் கீழ வெச்சுட்டு தங்கச்சி பக்கம் திரும்புனாரு.

"உங்க கிளாஸ்ல எல்லாப் புள்ளைங்களும் இப்படித்தான் எழுதுதுங்களா சாமி?"

"இல்லீங்கப்பா. நாந்தான் ஃபர்ஸ்ட்டு"ன்னா.