மிசஸ் கடோரின் சோபா கரையேறிய விதம்

வில்ஹெல்மினா கடோர், சுருக்கமாக வில்மா, முப்பத்தோரு வருடம் இங்கிலாந்தில், ஒரு மருத்துவமனைச் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு மசித்தார். அதற்கு நன்றியாக அந்த நாடு அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரமும் இரண்டு கெட்டுப்போன முழங்கால்களும் கொடுத்து வழியனுப்பியது. 1994 மார்ச்சில் கணவர் ஆஸ்மண்டையும் பதினாறு வயது மகள் ஜோனெல்லையும் கூட்டிக்கொண்டு வில்மா தான் பிறந்த கரீபியன் தீவான கிரெனடாவுக்கே திரும்பி வந்தார்.

மூன்று பேர் வந்ததைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. சாமான் வருவதைப் பற்றித்தான் பேச்சு. ஒரு முழு கன்டெய்னர், அதோடு பதினோரு பீப்பாய்கள். பீப்பாய்களில் அரிசி, சோப்பு, படுக்கை விரிப்பு, தீவில் கிடைக்காது என்று யாரோ சொன்னதால் நாற்பது சுருள் கழிப்பறைக் காகிதம். ஆஸ்மண்ட் தன் கம்பளிக் கோட்டையும் மறக்காமல் வைத்திருந்தார். சொந்த ஊரான கூயாவின் மீனவர்கள் கடைசியாக எப்போது குளிரில் நடுங்கினார்கள் என்பதை அவர் விசாரித்ததாகத் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் ராஜா, சோபா செட். சிவப்பு வெல்வெட், ஓரமெல்லாம் தங்க நிறக் குஞ்சம். 1972இல் தவணையில் வாங்கியது. இங்கிலாந்துக்குப் போன நம் தீவு ஆட்கள் எல்லோர் வீட்டிலும் ஒரு முன்னறை உண்டு. வாழ்வது பின்னறையில், கௌரவம் இருப்பது முன்னறையில். வில்மாவின் முன்னறையில் கௌரவம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன்மேல் உட்கார பாஸ்டருக்கு மட்டும் அனுமதி. அதுவும் ஓரத்தில்.

கூயாவில் கட்டிய புது வீட்டின் முன்னறையே இந்த சோபாவின் அளவுக்குத்தான் கட்டப்பட்டது. இருபது வருடமாகக் கடிதத்தில் படித்த சோபாவை நேரில் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டதும் பாதி ஊர் வருவதாக இருந்தது. இப்போதே வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. சோபா இன்னும் துறைமுகக் கொட்டகையில் இருந்தது.

ஊர் திரும்புகிறவர்கள் புழங்கிய வீட்டுச் சாமானுக்குச் சுங்கவரி கிடையாது. புதிய சாமானுக்கு உண்டு. அதைக் கட்ட வில்மாவிடம் ஒன்றும் மிச்சமில்லை. இருந்ததெல்லாம் வீட்டுக் கூரையாகிவிட்டது.

சுங்க அதிகாரி பெடோ சின்னப் பெண். கையில் அட்டை, காதில் பேனா. சோபாவை இரண்டு முறை சுற்றி வந்தாள்.

“இது புதுசு ஆன்ட்டி.”

“இருபத்திரண்டு வருஷ சோபா. எல்லாம் ரசீதோட வாங்கினது.”

“ரசீது எங்கே?”

“கடன் தீர்ந்த அன்னிக்கே கிழிச்சுப் போட்டேன். கடன் காகிதம் வீட்டுல இருக்கலாமா?”

“கால்ல கடைச் சீட்டு தொங்குதே.”

“அது பாட்டுக்குத் தொங்குது. அதை எதுக்கு அவுக்கணும்?”

“உறைகூடப் பிரிக்கலையே.”

“பிரிச்சா அழுக்காகும்.”

“அதத்தான் நானும் கேக்கறேன் ஆன்ட்டி. அழுக்கு எங்கே?”

வில்மா வேறு வழியில் வந்தார். “நீ யாரு பொண்ணு?”

“ஷெர்மா பெடோ பொண்ணு.”

“அடடே. உங்கம்மாவும் நானும் ஒரே பெஞ்சு.”

“தெரியும். அதனாலதான் உங்களுக்கு நாற்காலி போட்டேன். மத்தவங்கல்லாம் நிக்கறாங்க பாருங்க.”

பிறகு பெடோ ஜோனெல் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லு. இதுல நீ உக்காந்திருக்கியா?”

பொய் சொல்லக் கூடாது என்று ஜோனெல்லை வளர்த்தவர் வில்மாதான். அந்த வளர்ப்பின் பலன் அன்று கொட்டகையில் கிடைத்தது.

“ஒரே ஒரு தடவை. அஞ்சு வயசுல.”

“எவ்வளவு நேரம்?”

“அடி விழற வரைக்கும்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெடோ காதிலிருந்த பேனாவை எடுத்தாள். ஒரு சோபாவைச் சுத்தமாக வைத்திருந்த குற்றத்துக்காக வில்மா தண்டனை பெற இன்னும் ஒரு வார்த்தைதான் பாக்கி.

அப்போது ஆஸ்மண்ட் தொண்டையைச் செருமினார். “ஒரு நிமிஷம், ஆபீசரம்மா.”

அவர் சோபாவின் முன் குனிந்து நடு மெத்தையின் பிளாஸ்டிக் உறை ஜிப்பைச் சரக்கென்று இழுத்தார். அந்த ஜிப் வாங்கிய அன்றே இறுகிவிட்டது என்றுதான் வில்மா இத்தனை வருடமும் நம்பியிருந்தார். ஆஸ்மண்ட் உறையை உரித்து மெத்தையைத் திருப்பிப் போட்டார். அடிப்பக்கம் ஓர் உலக வரைபடம் போலிருந்தது.

“இது எழுபத்தாறு, ஓவல் கிரிக்கெட் மேட்ச். ரம். இந்த ஓட்டை சிகரெட். இது எண்பத்துநாலு, கோழிக் குழம்பு. நல்ல ஆட்டம்.”

“ஆஸ்மண்ட்,” என்றார் வில்மா.

“சனிக்கிழமை நீ வேலைக்குப் போயிடுவே வில்மா. டிவி அந்த ரூம்லதானே இருந்துச்சு.”

வரிசையில் ஒரு குளிர்பெட்டியோடு காத்திருந்தவர் கேட்டார்: “எண்பதுல எங்க உக்காந்தீங்க அண்ணே?”

“எண்பதுல ஒரே மழை. படுத்துத் தூங்கிட்டேன். இந்த ஓரத்துல இருக்கறது எச்சில்.”

பெடோ குனிந்து முகர்ந்து பார்த்தாள். அரசாங்கம் திருப்தியடைந்தது. “புழங்கினதுதான். ஆனா சாமான் ஆன்ட்டி பேர்ல இருக்கு. அவங்க கைப்பட எழுதித் தரணும்.”

வில்மா காகிதத்தையும் பேனாவையும் வாங்கிக்கொண்டார். எழுதாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பாதி ஊரும் வெறும் தரையைப் பார்த்துவிட்டுப் போகும். எழுதினால், மருத்துவமனை அண்டாவில் முகம் பார்க்கும்படி துலக்கிய கை, தன் வீட்டு சோபா நாறியது என்று கையெழுத்துப் போட வேண்டும்.

“லேசான கறைன்னு எழுதவா?”

“லேசான கறைன்னா லேசா வரி வரும் ஆன்ட்டி.”

வில்மா எழுதினார்: ‘என் சோபா பழையது. ரம், குழம்பு, எச்சில் கறைகளும் தீப்பட்ட ஓட்டையும் உடையது. என் வீட்டார் பல வருடம் புழங்கியது.’ ‘என் வீட்டார்’ என்பதை அடித்துவிட்டு ‘என் கணவர்’ என்று திருத்தினார். பெடோ முத்திரை குத்தினாள்.

லாரியின் முன்பக்கத்தில் டிரைவருக்குப் பக்கத்தில் ஓர் ஆளுக்குத்தான் இடம். ஜோனெல்லை அங்கே ஏற்றிவிட்டு, தன்னைப் பின்னால் தூக்கிவிடச் சொன்னார் வில்மா. இரண்டு சுமைக்காரர்கள் முழங்கால் நோகாமல் தூக்கிவிட்டார்கள். பீப்பாய்களுக்கு நடுவே இருந்த சோபாவின் மற்ற உறைகளையும் அவரே உரித்துக் கீழே போட்டார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு நட்டநடுவில் உட்கார்ந்தார். லாரி கடலோரமாகக் கூயாவ் நோக்கி ஓடியது. வழியில் ஜாதிக்காய் உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வில்மா அவர்களுக்குத் தலையசைத்தார்.

“வில்மா, கொஞ்சம் தள்ளி உக்காரேன்,” என்றார் ஆஸ்மண்ட்.

“நீங்க உக்காந்தது போதும், மிஸ்டர் கடோர். நில்லுங்க.”

பதினோராவது பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆஸ்மண்ட் வீடு வரை நின்றார்.