பிலோமினா அக்கா வீட்டு பேஸ்மென்டும் எழுபது ஹெர்ட்ஸும்

"எல்லாத்தையும் கழட்டிட்டுப் போயிடுங்க தம்பி. எனக்கு என் பழைய ஸ்டோர் ரூமே போதும்."

பிலோமினா அக்கா போனில் இதைச் சொன்னபோது நான் கூலாய் பக்கம் ஒரு கடையில் தே தாரிக் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தேன். கிளாஸைத் தள்ளி வைத்தேன். முப்பது வருஷமாக வீடு வீடாக ஸ்பீக்கர் மாட்டுகிறவன் நான். பாதிக் காலம் சிங்கப்பூர் கம்பெனியில், மீதி ஜொகூர் பாருவில் சொந்தமாக. அடுத்த வீட்டுக்காரனுக்குத் தொந்தரவு என்று திட்டு வாங்கியிருக்கிறேன், வயரை எலி கடித்ததற்குக்கூடத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் கழட்டிட்டுப் போ என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது வருத்தமில்லை, கோபம்தான்.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வருஷம் கல்யாண வீடுகளுக்கு கேட்டரிங் செய்தவர். முட்டி வலி வந்த பிறகு தொழிலை நிறுத்திவிட்டார். வீட்டுக்காரர் தவறிவிட்டார். ஜொகூர் பாருவுக்கு வெளியே மேட்டுச் சரிவில் கட்டிய வீடு அது. தெருவிலிருந்து பார்த்தால் ஒரு மாடிதான் தெரியும், அதற்குக் கீழே மண்ணைக் குடைந்து ஒரு பெரிய பேஸ்மென்ட். அண்டா, அடுப்பு, மடக்கு நாற்காலி எல்லாம் அங்கேதான் கிடந்தன. எல்லாவற்றையும் விற்றுவிட்டு, அந்த இடத்தில் ஹோம் தியேட்டர் போட வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

இந்த மாதிரி வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் வழக்கமாக என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். நெஞ்சு அதிரணும், மச்சான் வீட்டில் இருப்பதைவிடப் பெரிதாக இருக்கணும். அக்கா கேட்டது வேறு. மூன்று பிள்ளைகள். இரண்டு பேர் சிங்கப்பூரில், ஒருவன் கோலாலம்பூரில். வார லீவுக்கு வருவார்கள், சாப்பிடுவார்கள், ஆளுக்கொரு ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பிடித்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை போய்விடுவார்கள்.

"எனக்குப் படம் முக்கியமில்ல தம்பி," என்றார். "மூணு பேரும் ஒரே ரூம்ல இருக்கணும். அதுக்கு என்ன மெஷின் வேணுமோ போடுங்க."

அந்த வார்த்தை எனக்குப் பிடித்துப்போனது. அதனாலேயே கொஞ்சம் அதிகமாகவே மெனக்கெட்டேன்.

பேஸ்மென்டில் பேஸ், அதாவது திம்மென்று வரும் கனத்த அடிச்சத்தம், ஒரு தனித் தலைவலி. மேல்மாடி ரூமில் பலகைச் சுவர், ஜன்னல், ஓட்டுக்கூரை என்று ஏதாவது வழியில் சத்தம் கொஞ்சம் வெளியே போய்விடும். கீழே நாலு பக்கமும் சிமெண்ட், சிமெண்டுக்குப் பின்னால் மண். உள்ளே போன பேஸ் வெளியேற வழியில்லாமல் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே இருக்கும். அதனால் நான்கு மூலையிலும் ஆறு இஞ்ச் கனத்தில் ராக்வுல் பஞ்சு அடைத்து, அந்தச் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ள பேஸ் டிராப் வைத்தேன். முன்பக்கம் பேஸுக்கென்றே இரண்டு பன்னிரண்டு இஞ்ச் சப்வூபர் பெட்டி. அக்கா வாங்கிய மூன்று பேர் சோபாவில் ஒவ்வொரு சீட்டிலும், காது இருக்கும் உயரத்தில் மைக்கை நிறுத்தி அளந்தேன். கடைசியில் லேப்டாப்பில் வந்த கிராப் இருக்கிறதே, எந்தச் சத்தமும் தூக்கலாகவோ கம்மியாகவோ இல்லாமல், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. எங்கள் இன்ஸ்டாலர் வாட்ஸ்அப் குரூப்பில் படம் பிடித்துப் போட்டு நாலு பேரிடம் சபாஷ் வாங்கினேன். அவ்வளவு கெத்து.

முதல் சனிக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். முக்கால் மணி நேரம். அப்புறம் ஒவ்வொருவராக மேலே போய்விட்டார்களாம். மகள் ரீட்டாவுக்குத் தலைவலி. பெரியவனுக்குப் பேச்சே புரியவில்லை, எல்லாம் 'தூம் தூம்' என்று ஒரே முழக்கம்.

நான் போனேன். சோபாவில் உட்கார்ந்து கேட்டேன். சுத்தமாக இருந்தது. வால்யூமை ஏற்றி வைத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரமும் அதே கதை. மறுபடியும் போய் இன்னும் இரண்டு டிராப் வைத்து, சப்வூபரைக் கொஞ்சம் குறைத்தேன். அதற்கடுத்த வாரம் பிள்ளைகள் சொன்னது இன்னும் மோசம். முழக்கம் அப்படியே இருக்கிறது, ஆனால் சண்டைக் காட்சியில் உயிரே இல்லையாம். அன்றைக்கு அரை மணி நேரத்தில் கீழே ஆளில்லை. அதற்கப்புறம்தான் அந்த போன். கிறிஸ்மஸுக்கு மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் காலையில் போனபோது அக்கா அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். கையில் மாவு. நான் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். கோடு எவ்வளவு நேராக இருக்கிறது, இதற்கு மேல் சிங்கப்பூரிலிருந்து ஆள் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"உங்க கிராப்பா தம்பி வந்து படம் பாக்கப் போகுது?"

அந்தம்மா கத்தியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். மெதுவாகச் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது.

அப்புறம் நான் கேட்டதை ஒரு பெரிய புத்திசாலித்தனம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேறு வழி தெரியாமல் கேட்டேன். சரிக்கா, அன்றைக்குப் பார்த்த அதே படத்தைப் போடுங்கள், அன்றைக்கு எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே பாருங்கள் என்றேன்.

அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். படிக்கட்டுக்கு அடியிலிருந்த அலமாரியைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த தோத்தோ மெத்தைகளை ஒவ்வொன்றாக இழுத்தார். மூன்று மெத்தை. சோபாவுக்கு முன்னால் தரையில் விரித்தார், தலையணை போட்டார், மெல்லப் படுத்தார். "ரீட்டா இங்க. பெரியவன் அந்தப் பக்கம். சின்னவன் எப்பவும் குறுக்காலதான் படுப்பான்," என்று கையால் காட்டினார்.

சோபாவில் யார் உட்காருவார்கள் என்று கேட்டேன்.

"அது ஆளுங்க வந்தா உட்கார்றதுக்கு," என்றார்.

சோபாவைத் திரும்பிப் பார்த்தேன். கடையில் போட்ட பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. அந்த பிளாஸ்டிக் மேல் நான் மூன்று தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அது கிறீச்சென்றது. ஒரு தடவைகூட என் மண்டையில் உறைக்கவில்லை. இதில் பெரிய வெட்கம் என்னவென்றால், காஹாங்கில் நான் வளர்ந்த வீட்டிலும் அப்படித்தான். இன்றைக்கும் என் வீட்டில் அப்படித்தான். நாற்காலி விருந்தாளிக்கு, நமக்குத் தரையும் தலையணையும். கம்பெனி டிரெய்னிங்கில் காட்டிய படங்களில் எல்லாரும் வரிசையாக சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். அதையே மனதில் வைத்துக்கொண்டு, என் சொந்த ஆட்கள் வீட்டுக்குள் வந்து வேலை செய்திருக்கிறேன்.

மெத்தையின் மறு ஓரத்தில் நானும் படுத்தேன். அக்கா படத்தை ஓட்டினார். அலமாக்! மண்டைக்குள் லாரி இன்ஜின் ஓடுவது போல் இருந்தது. எழுந்து நின்றேன், போய்விட்டது. படுத்தேன், வந்துவிட்டது. இப்படி நாலைந்து தடவை எழுந்து எழுந்து படுத்ததைப் பார்த்து, "தம்பி, உடம்புக்கு ஏதும் பண்ணுதா?" என்று அக்கா பயந்துவிட்டார்.

மைக்கைத் தலையணை உயரத்துக்கு இறக்கினேன். நேராக இருந்த கோட்டில், எழுபது ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில், ஒரு குன்று எழும்பி நின்றது.

விஷயம் இதுதான். தரையும் சிமெண்ட், மேலே கூரையும் சிமெண்ட், இடையில் எட்டு அடி. அந்த எட்டு அடிக்குப் பொருத்தமான ஒரு பேஸ் சுரம் மேலும் கீழும் மாட்டிக்கொண்டு ஆடும். கப்பில் இருக்கும் தேத்தண்ணியை ஆட்டிப் பாருங்கள். ஓரம் இரண்டும் ஏறி இறங்கும், நடுவில் அவ்வளவாக அசைவு தெரியாது. நான் மைக் வைத்த உயரம் கிட்டத்தட்ட அந்த நடு. பிள்ளைகள் தலை வைத்த இடம் ஓரம். என் சப்வூபர் இருந்ததும் தரையில், அதாவது அந்த ஆட்டத்தைத் தள்ளிவிடுவதற்கு ரொம்பத் தோதான இடத்தில். மூலையில் எத்தனை டிராப் அடைத்தாலும், தரைக்கும் கூரைக்கும் நடுவில் நடக்கும் இந்தக் கூத்தை அது பெரிதாகத் தொடாது.

தரையில் வைத்துத் தள்ளினால் ஆடும் என்றால், நடுவில் வைத்துத் தள்ளினால் ஆடாது. எனக்கு இரும்பு வேலை செய்து தரும் அஸ்மானைக் கூப்பிட்டு, சப்வூபரின் நடு நாலடி உயரத்தில் வருகிற மாதிரி இரண்டு ஸ்டாண்ட் வெல்டிங் செய்யச் சொன்னேன். முப்பது கிலோ பெட்டியை அவ்வளவு உயரத்தில் வைப்பதால், அசையாமலிருக்கச் சுவரோடு போல்ட் போட்டு முடுக்கினோம். பார்க்க அழகில்லை, ஒப்புக்கொள்கிறேன். அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாதா சுரூபம் வைக்கிற மேடை மாதிரி இருக்கிறது, யாராவது வந்து மெழுகுவத்தி ஏற்றிவிடப் போகிறார்கள் என்றார். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். மைக்கைத் தலையணைமேல் வைத்து எல்லாவற்றையும் புதிதாக அளந்து, ஏற்ற இறக்கத்தைச் சரிப்படுத்தி ஈக்யூ செய்தேன். குன்று கரைந்து ஒரு சின்ன மேடாகிவிட்டது. குறைத்து வைத்திருந்த சப்வூபரைத் திரும்ப ஏற்றினேன். சண்டைக் காட்சிக்கு உயிர் வந்தது, பேச்சும் புரிந்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மைக்கைப் பையிலிருந்து கடைசியாக எடுங்கள். அதற்கு முன்னால், வீட்டு ஆட்களைப் படம் பார்க்கச் சொல்லிவிட்டு நீங்கள் அவர்களைப் பாருங்கள். பண்டார் தெங்காராவில் ஒருத்தர் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, நின்றபடிதான் படம் பார்ப்பார். அவர் வீட்டில் நான் மைக்கை அயர்ன் போர்டு பக்கத்தில் நின்று பிடித்து அளந்தேன். அவருக்கு அதுதான் சரி.

கிறிஸ்மஸ் அன்றைக்கு மத்தியானம் சாப்பிட வரச் சொல்லி அக்கா கூப்பிட்டிருந்தார். வேறு இரண்டு வீட்டுக்குப் போய்விட்டு மூன்று மணிக்குத்தான் போக முடிந்தது. வாசலில் கார் மூன்று நின்றன. பெல்லை அடித்தேன், யாரும் வரவில்லை. இன்னும் இரண்டு தடவை அடித்தேன். மறுபடியும் ஏதாவது கோளாறாகி, சண்டை போட்டுக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார்களோ என்று நினைத்தேன். கடைசியில் போன் செய்தேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா படியேறி மூச்சு வாங்க வந்து கதவைத் திறந்தார். கன்னத்தில் தலையணை அச்சு.

"பெல்லு கேக்கல தம்பி. மேல யாருமே இல்ல."

சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிப்போவார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடிக்காத குறையாக ஹாலைத் தாண்டி ரூம்கள் இருக்கும் பக்கம் கூட்டிப்போனார். ரீட்டாவின் ரூம் கதவைத் திறந்து காட்டினார். பெரியவன் ரூமைத் திறந்தார். அப்புறம் சின்னவன் ரூம். மூன்றிலும் ஃபேன் ஓடவில்லை, விரித்த கட்டிலில் ஒரு சுருக்கமில்லை.

"சாப்பிட்டுட்டுப் பன்னெண்டரைக்குக் கீழ போனவங்க," என்றார். "பாத்தீங்களா? ஒருத்தரும் இல்ல."

அக்கா மூன்று கதவையும் ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு, எனக்கு பிரியாணி சூடு பண்ணப் போனார்.