மஞ்சள் நாடா கட்டிய ஆப்பிள் மரம்

ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே, நான் தங்கியிருக்கும் வீட்டின் பின்கட்டு. வீட்டுக்கார யாழ்ப்பாணத்து அக்காவும் நானும் காலையிலிருந்து முறை வைத்து ஆப்பிள் கூழைக் கிண்டுகிறோம். பட்டையும் கிராம்பும் போட்டாயிற்று. கூழ் இன்னும் இறுகவில்லை. அக்காவுக்குத் தோள்வலி. நாளை வேலைக்குப் போக வேண்டும் என்பதால் இன்றே முடித்தாக வேண்டும்.

பழம் மிஞ்சிக் கிடப்பதால், தோட்டத்து மரத்தில் அக்கா மஞ்சள் நாடா கட்டியிருக்கிறார். யாரும் பழம் பறித்துக்கொள்ளலாம் என்று இந்தப் பக்கத்தில் அதற்குப் பொருள்.

பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் பையோடு வருகிறார். பறிக்க வருகிறார் என்று மகிழ்கிறோம். அவரோ தன் மரத்துப் பழங்களைக் கொட்டிவிட்டு, போன வருடம் அக்கா தந்த கூழைப் புகழ்கிறார். அக்கா சிரித்து நன்றி சொல்லி அனுப்பி வைக்கிறார். அதற்குள் அடுப்பில் கருகல் வாடை.

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே, அக்கா?"

"முகத்துக்கு நேர சொல்ல ஏலாது, தம்பி. கருகினதிலை முதல் போத்தல் அவருக்குத்தான். அடுத்த வருசம் கொண்டுவரமாட்டார், பாருங்கோ."

சொல்லிவிட்டு, அவர் கொட்டிய குவியலிலிருந்து ஒரு பழத்தை எடுத்துத் தோல் சீவத் தொடங்குகிறார்.