இரண்டாவது கோல்கீப்பர்

மாவட்டப் பெண்கள் ஹாக்கி அணிக்கு ஆள் எடுக்கும் குழுவில் நான் பத்தொன்பது வருஷம் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் வேலை. கல்லூரி நாட்களில் கோல்கீப்பராக ஆடியவள் என்பதால், கோல்கீப்பர்களைப் பார்த்து மதிப்பெண் போடுவது எப்போதும் என் பொறுப்பாகவே இருக்கும். சீசன் தொடங்கும் முன் மூன்று நாள் முகாம் நடக்கும். சுற்று வட்டாரத்திலிருந்து நாற்பது பெண்கள் வருவார்கள். மூன்றாம் நாள் காலையில் பதினெட்டு பேரின் எண்களை வாசித்துவிட்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். யாரை எடுக்கிறோம் என்பதைவிட யாரை அனுப்புகிறோம் என்பதே பெரிய வேலை. அதைச் செய்து செய்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. போதாததற்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு தடவை நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

நான் கடைசியாக உட்கார்ந்த தேர்வின் இரண்டாம் நாள், பெருமாள் கோயில் வைகாசி கருட சேவையன்று வந்து விழுந்தது. தேதி குறித்தவர்கள் யாரும் பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. விடியற்காலையிலிருந்தே ஊர் முழுக்கக் கூட்டம். நானே நெரிசலில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது ஏழு மணி ஆட்டம் தொடங்கிவிட்டிருந்தது. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்து மதிப்பெண் தாளை எடுத்தேன்.

அணிக்கு இரண்டு கோல்கீப்பர் வேண்டும். முதலாவது பெண் யார் என்பதில் சந்தேகமே இல்லை. இரண்டாவது இடத்துக்குத்தான் போட்டி. முப்பத்தொன்றாம் எண் திருப்புட்குழியிலிருந்து வரும் ஒரு விவசாயி வீட்டுப் பெண். முப்பத்திரண்டாம் எண் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற வீட்டுப் பெண். இருவருக்கும் பதினாறு வயது. ஒரே உயரம், ஒரே ஒல்லி. இருவருக்குமாக முகாமில் ஒரே ஒரு கோல்கீப்பர் கிட்தான் இருந்தது. கால் பேட், கையுறை, முகத்தை மூடும் ஹெல்மெட், எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக்கொள்ள ஒரு தொளதொள மஞ்சள் ஜெர்சி. உள்ளே போகிறவளின் எண் அந்த ஜெர்சிக்கு அடியில் மறைந்துவிடும். காலையில் முப்பத்தொன்று, மாலையில் முப்பத்திரண்டு என்று தாளில் எழுதியிருந்தது.

அந்தக் காலை ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது. கோலில் நின்ற பெண் பந்து வருமுன்பே நகர்ந்தாள். தனியாகப் பந்தைக் கொண்டுவந்த ஒருத்தியை எதிர்கொண்டு வெளியே ஓடிவந்து, விழுந்து, இடது காலை நீட்டித் தடுத்தாள். ஒரு பெனால்ட்டி ஸ்ட்ரோக்கையும் நிறுத்தினாள். "லெஃப்ட் வா! லெஃப்ட் வா!" என்று தன் பின்கள ஆட்டக்காரர்களை அதட்டிக்கொண்டே இருந்தாள். தாளில் குரலுக்கென்று ஒரு கட்டம் உண்டு. அதில் முழு மதிப்பெண் போட்டேன்.

வழக்கமாக இடைவேளையில் கோலுக்குப் பின்னால் நடந்துபோய் அந்தப் பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசுவேன். அன்றைக்குப் போகவில்லை. யாரோ டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு உட்கார்ந்தேயிருந்தேன்.

மாலை ஆட்டத்தில் ஹெல்மெட்டுக்குள் இருந்த பெண் ஐந்து கோல் விட்டாள். கால் எழும்பவே இல்லை. கூப்பிட்டுச் சொல்லும் குரலும் இல்லை. வருத்தத்தோடுதான் முப்பத்திரண்டுக்கு நேராகக் குறைந்த எண்களை எழுதினேன். அன்று மாலையே குழுவின் மூன்று பேரும் உட்கார்ந்து பட்டியலை முடித்தோம். கோல்கீப்பர் விஷயத்தில் என் தாளை யாரும் கேள்வி கேட்கவில்லை.

மறுநாள் காலை குழுத் தலைவர் எண்களை வாசித்தார். முப்பத்தொன்று என்றதும் திருப்புட்குழிப் பெண் உடனே முன்னால் வரவில்லை. பக்கத்தில் இருந்தவள் தள்ளிய பிறகுதான் வந்தாள். பிள்ளையார்பாளையத்துப் பெண் பட்டியல் முடியும்வரை நின்றாள். அப்புறம் ஸ்டிக்கைத் துணிப்பையில் செருகிக்கொண்டு யாரிடமும் ஒன்றும் கேட்காமல் கேட்டைத் தாண்டிப் போனாள். அழுகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். அழாமல் போகிறவர்களைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

தேர்வானவர்களுக்கு ஜெர்சி அளவு எடுக்கும் வேலை பாக்கி. திருப்புட்குழிப் பெண்ணின் முறை வந்தபோது, அளவு நாடாவைத் தோளில் வைத்துக்கொண்டே, "நேத்து காலைல அந்த இடது கால் சேவ் பிரமாதம்மா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "மிஸ், காலைல நான் ஆடலியே."

"இன்னாம்மா சொல்ற?"

"கருட சேவ கூட்டம்னு பஸ்ஸ ஊருக்கு வெளிய, ஒலிமுகமது பேட்டையிலயே நிறுத்திட்டாங்க மிஸ். அங்கேர்ந்து ஓடி வந்துக்கினு இருந்தேன். நான் வர்றதுக்குள்ள மேட்ச் ஆரம்பிச்சிடுச்சு. கோச் அண்ணன் அந்தப் பிள்ளையார்பாளையத்துப் பொண்ணுக்கு பேடு, ஹெல்மெட்டெல்லாம் மாட்டி நிக்க வச்சிட்டாரு. நான் சாயங்காலம்தான் ஆடுனேன்." அப்புறம் சொன்னாள்: "அஞ்சு கோலு வுட்டனே, அது நான்தான். என் நம்பரப் படிச்சதும் எனக்கே ஒண்ணும் புரியல."

அளவு நாடாவைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டேன். ஆட்டத்தை நடத்திய இளம் கோச்சைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆமா மேடம், மாத்திப்போட்டேன். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். நீங்க பாத்துக்கினுதான இருந்தீங்க?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

குழுத் தலைவர் ஓய்வு பெற்றவர். ஒரு கட்சியில் ஒன்றிய அளவில் பொறுப்பும் வகித்தவர். விஷயத்தைச் சொன்னதும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"லிஸ்ட்டு போயிடுச்சு மேடம். இப்ப மாத்துனா, இன்னும் இன்னான்னா மாறியிருக்குதோன்னு ஊர்ல கேப்பாங்க. அந்தப் பொண்ணும் ஒண்ணும் கேக்காம வீட்டுக்குப் போயிடுச்சு. வுட்டுடுங்க."

"தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுக்கறேன் சார்."

"எழுதிக் குடுத்தா அடுத்த வருஷம் உங்கள கூப்பிட முடியாது. யோசிச்சுக்குங்க."

பொய் சொல்லக் கூடாது. விட்டுவிடுங்கள் என்று அவர் சொன்னதும் முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். அப்புறம்தான் வெட்கம் வந்தது. அன்று மதியம் வீட்டுக்குப் போய் மின்விசிறிக்கடியில் படுத்தேன். எழுதிக் கொடுக்காமல் விட்டுவிடுவதற்கு என்னென்ன நியாயங்கள் உண்டோ அத்தனையும் யோசித்துப் பார்த்தேன். நிறையவே இருந்தன. இரண்டாவது கோல்கீப்பர் பெஞ்சில் உட்காரப்போகிறவள்தானே என்பது அவற்றில் ஒன்று.

ஆனால் மறுநாள் காலையில் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு நேராகப் பிள்ளையார்பாளையம் போனேன்.

வீடு கண்டுபிடிக்கச் சிரமமில்லை. ஹாக்கி ஆடுகிற பெண்ணின் வீடு என்றதும் காட்டினார்கள். அவளுடைய அப்பா தறியில் இருந்தார். சேலைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைப் போட்டுக் கொடுக்க அவள் தறியின் மறுபுறம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் கையை நிறுத்தினார்கள். பாயை விரித்துப் போட்டார்கள். முட்டியால் தரையில் உட்கார முடியாது என்றேன். ஒரு ஸ்டூல் வந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

அப்பா தறியிலிருந்த பாவு நூலை விரலால் நீவிவிட்டார். "அப்ப எம்பொண்ணு நல்லாத்தான் ஆடுச்சா? மூணு நாள் வேலைய வுட்டுட்டுப் போயி ஒண்ணுமில்லாம வந்து நிக்கிறியேன்னு நேத்தெல்லாம் திட்டிக்கினு இருந்தேம்மா."

"ரொம்ப நல்லா ஆடுனா."

பெண் மெதுவாகக் கேட்டாள். "எங்க ரெண்டு பேர் பேரும் இன்னான்னு உங்களுக்குத் தெரியுமா மிஸ்?"

எனக்குத் தெரியவில்லை. முகாம் தொடங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. எண்கள் மட்டும்தான் தெரியும்.

"நேத்து லிஸ்ட்டு படிக்கும்போதே எனக்குப் புரிஞ்சிடுச்சு மிஸ், நம்பர மாத்திட்டாங்கன்னு. கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க வேற பக்கம் திரும்பிட்டீங்க."

"என் தப்புதாம்மா. அதைச் சரிபண்ணத்தான் வந்திருக்கேன். உன்ன லிஸ்ட்ல சேக்கச் சொல்லிக் கேக்கறேன்."

"அவள லிஸ்ட்லேர்ந்து தூக்கிட்டு என்னையா?"

"ஆமா."

அவள் நாடாவைத் தறியின் மேல் வைத்தாள். "அது வேணாம் மிஸ். அவ ஒலிமுகமது பேட்டையிலேர்ந்து வெயில்ல ஓடி வந்தா. சாயங்காலம் காலப் புடிச்சிக்கினுதான் ஆடுனா. ரெண்டு பேரையும் ஒரே நாள்ல ஒருத்தர் பின்னால ஒருத்தரா நிக்க வச்சிப் பாருங்க. அதுல அவ நல்லா ஆடுனா அவளே போகட்டும்."

அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சரி என்று தலையசைத்தார்.

என் கடிதத்தைக் கொடுத்த பிறகு குழுத் தலைவருக்கு வேறு வழியில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை இருவருக்கும் ஆளுக்கு இருபது நிமிஷம் என்று முடிவானது. இருவருக்கும் பந்தடிக்க ஒரே நான்கு பெண்கள். கோலுக்குப் பின்னால், வலைக்கு ஓரடி தள்ளி, நாற்பது நிமிஷமும் நான் நின்றுகொண்டே பார்த்தேன். அதற்கு முன்னால் இரண்டு பெண்களிடமும் போய்ப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டேன். திருப்புட்குழிப் பெண் தன் பெயருக்கு எழுத்துக் கூட்டிச் சொன்னாள்.

அவள் அன்றைக்கு வேறு ஆளாக இருந்தாள். மேலே எழும்பி வந்த பந்துகளைக் கையால் தட்டிவிட்டாள். அந்த மாலை ஆட்டத்தை வைத்து அவளை மட்டமாக நினைத்ததற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவள் நான்கு கோல் விட்டாள். பிள்ளையார்பாளையத்துப் பெண் மூன்று. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் கோல் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், முன்னால் ஓடிவந்து மறிப்பதில் இவள் ஒரு படி மேல். மூன்று பேரும் தனித்தனியாக எழுதினோம். மூன்று தாளிலும் ஒரே பெயர்தான் இருந்தது.

திருப்புட்குழிப் பெண்ணின் அப்பா மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். என்னிடம் நேராக வந்தார்.

"இன்னா டீச்சர், நாயமா இது? எம்பொண்ணு வாயத் தொறக்காம இருந்திருந்தா டீம்ல இருந்திருக்கும். உண்மையச் சொன்னதுக்கு இதான் மரியாதையா?"

"அவள ஸ்டாண்ட்பையா சேக்கச் சொல்லிக் கேட்டிருக்கேங்க" என்றேன்.

"ஸ்டாண்ட்பையும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஊர்ல எல்லாருக்கும் சொல்லிட்டோம். இப்ப மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?"

பெண் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வந்து அவர் கையைப் பிடித்தாள். "வாப்பா போலாம்." அவர் போகும்போதும் திட்டிக்கொண்டே போனார். ஸ்டாண்ட்பை எடுக்க விதியில் இடமில்லை என்று பிறகு பதில் வந்தது.

அணி வெளியூர் போய் மூன்று ஆட்டம் ஆடியது. பிள்ளையார்பாளையத்துப் பெண் முதல் இரண்டிலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவதில் நான்கு கோல் பின்தங்கி, இனி ஜெயிக்க வழியில்லை என்ற பிறகு, கடைசிப் பத்து நிமிஷம் இறக்கினார்கள். இரண்டு பந்தைத் தடுத்தாளாம். திரும்பி வந்ததும் என்னை வந்து பார்த்தாள். "பத்து நிமிஷம்தான் மிஸ், ஆனா நல்லாயிருந்துச்சு" என்றாள். ஒரு பாக்கெட் அல்வா கொடுத்துவிட்டுப் போனாள்.

குழுவிலிருந்து எனக்கு அதற்கப்புறம் அழைப்பு வரவில்லை. அதை நான் எதிர்பார்த்ததுதான்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை, பஸ் பிடித்து திருப்புட்குழிக்குப் போனேன். ஏன் போனேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அப்பா வயலுக்குப் போயிருந்தார். அம்மா காபி போட உள்ளே போனார். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்திருந்த பெண் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் என் எதிரே வந்து நின்றாள்.

"நான் சொன்னது தப்பா மிஸ்?"

"தப்பில்லம்மா."

"அப்புறம் ஏன் எல்லாரும் என்னையே திட்டறாங்க? அப்பா திட்டுது. எங்க ஸ்கூல் பி.டி. சார் திட்டறாரு. கூட ஆடறவளுங்க லூசுன்றாளுங்க. உங்கள யாருமே ஒண்ணும் சொல்லல இல்ல?"

"என்னை இனிமே செலக்ஷனுக்குக் கூப்பிட மாட்டாங்க."

"அது உங்களுக்குக் கஷ்டமா இருக்குதா?"

இல்லை என்றேன். அந்தப் பெண்ணிடம் வேறு பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் தலையை ஆட்டினாள். காபி வந்தது. குடித்தேன். அம்மா, மழை மறுபடி பிடிக்கும் போலிருக்குது, சீக்கிரம் கிளம்புங்க என்றார். பெண் பஸ் நிறுத்தம்வரை கூட வந்தாள். வழியில் கணக்குப் பரீட்சையைப் பற்றிப் பேசினாள். ஹாக்கியைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

அடுத்த வருஷ முகாமுக்கு அவள் வரவில்லை என்று அந்த இளம் கோச் போனில் சொன்னார். பள்ளியில் கபடி அணியில் சேர்ந்துவிட்டாளாம். நன்றாக ஆடுகிறாள் என்று பேச்சாம். அணியில் யார் யாரை எடுத்தார்கள் என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.