காபிகூடக் குடிக்காத முரளி

ரசம் எடுத்துக்கொண்டு வரும்போதே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. முரளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புது ஆள் பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவை வாசலில் கழற்றியிருந்தார். அந்த நாளில் மழை பெய்தால் எங்கள் ஈஜிபுரா தெருவில் கப்பல்தான் விட வேண்டும். அங்கே அப்படி ஒரு ஷூவோடு வருகிறவர் போலீஸாகத்தான் இருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் வீட்டிலேயே மெஸ் நடத்தினேன். கல்யாணமாகாத பையன்கள்தான் வாடிக்கை. அதில் முரளி திருப்பத்தூர்ப் பையன். மிலிட்டரிக்கு ரேடியோ சாமான் செய்கிற இடத்தில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. ஆனால் கிளியரன்ஸ் வந்தால்தான் உள்ளே விடுவார்கள். ஆள் யோக்கியமா, ரகசியம் காப்பானா என்று விசாரித்துத் தருவதுதான் கிளியரன்ஸ். ஃபாரத்தில், போதைப் பழக்கம் எப்போதாவது இருந்ததா என்று கேட்டிருந்தார்கள். 'கிடையவே கிடையாது' என்று எழுதிவிட்டான்.

காலேஜில் கஞ்சா இழுத்தவன் அவன். மெஸ்ஸுக்கு வந்த புதிதில்கூட ஒரு நாள் கண் சிவக்க வந்து, அப்பளத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். "என்னடா?" என்றால், "அதுதான்க்கா முதல்ல சிரிச்சுது" என்றான். அப்புறம் விட்டுவிட்டான். அது நிஜம்.

எழுதியதோடு நிற்காமல், தெருவுக்கே பாடம் சொல்லிக் கொடுத்தான். "யார் கேட்டாலும் முரளி காபிகூடக் குடிக்க மாட்டான்னு சொல்லுங்க."

"காலையில ரெண்டு டம்ளர் ஊத்திக்கிறியேடா?" என்றேன்.

"என் வாழ்க்கையே இதுலதான் இருக்குக்கா!" என்றான்.

ஷூக்காரர் சாதத்தைப் பிசைந்தபடி அவனிடமே கேட்டார். "இங்க முரளின்னு ஒருத்தர் சாப்பிடறாராமே, ஆளு எப்படி?"

முரளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தங்கமான பையன் சார். காபிகூடக் குடிக்க மாட்டான்."

எதிர் வரிசைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"மளிகைக் கடையிலயும் இதேதான் சொன்னாங்க. ஹவுஸ் ஓனரம்மாவும் இதேதான்." பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இதுல மீசை இல்ல. மத்தபடி நீங்கதானே?"

முரளிக்கு ரசம் மூக்கு வழியாக வந்தது. புரையேறியதற்குப் பாதி, கோபத்துக்குப் பாதியாகத் தலையில் தட்டினேன். "சொல்லித் தொலைடா!"

எல்லாவற்றையும் சொன்னான். அவர் சிரிக்காமல் கேட்டார்.

"விட்டு எவ்ளோ நாளாச்சு?"

"ரெண்டு வருஷம் சார்."

"அத முதல்லயே எழுதியிருந்தா நாலு கேள்வி கேட்டு யோசிச்சிருப்பாங்க. இப்ப பொய்யும் சேந்துடுச்சே. மறைக்கிறவன எவன் வேணா மிரட்டலாம்பா. 'உள்ள இருக்கிற டிராயிங்கக் கொண்டா, இல்லன்னா சொல்லிடுவேன்'னா என்ன பண்ணுவ?"

அவர் கை கழுவிவிட்டு, "ஊட்டா சென்னாகிதெ அம்மா" என்று கன்னடத்தில் என் சமையலைப் பாராட்டிவிட்டுப் போனார். அந்த நேரத்திலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வேலை போயிற்று. பையன் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனி இன்டர்வியூவில், கேட்பதற்கு முன்னாலேயே கஞ்சா, பொய் இரண்டையும் கொட்டிவிட்டானாம். கொஞ்சம் இழுத்தடித்து எடுத்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து என் மெஸ்ஸில் ஒரே சட்டம்: விசாரிக்க வந்தால் பார்த்ததைச் சொல்வேன். வேலு என்ற இன்னொரு பையனுக்காக வேறு அதிகாரி வந்தபோது, "வேலையில கெட்டி சார், பொய் பேச மாட்டான், குளிக்கவும் மாட்டான்" என்றேன்.

கிளியரன்ஸ் வந்துவிட்டது. ஸ்வீட் டப்பாவோடு வந்தவன் சண்டைக்கு நின்றான். "அவர்கிட்ட போய் அதச் சொல்லணுமாக்கா?"

"குளிச்சிட்டு வந்து கேளு" என்றேன்.