சூரை வராத வருஷம்

கடற்கரைக் குப்பத்திலிருந்து எங்களை அரசாங்கம் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவந்து குடிவைத்தபோது நான் இரண்டாம் வகுப்பு. வீடு ஏழாவது மாடியில். அதற்குப் பிறகு எங்களில் கடலை விடாதவர் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி, எங்களோடேயே இருந்தார். விடியுமுன் பஸ் பிடித்துக் கோவளம் போவார். அங்கே ஒரு கூட்டாளியோடு சேர்ந்து சின்ன ஃபைபர் படகு வைத்திருந்தார். சூரை மீன் கூட்டமாகக் கடந்துபோகும் மாதங்களில் அம்மா வைக்கும் குழம்பு அந்த மாடி முழுக்க மணக்கும்.

நான் நான்காவது படித்த வருஷம் சூரை வரவில்லை.

ஒரு மத்தியானம் மாமா வெறுங்கையோடு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இன்னாடா, இன்னிக்கும் இல்லியா?" என்றாள் அம்மா.

"எங்கக்கா? மேல்தண்ணி சூடாயிட்டுகீது. மீனு ஆழத்துக்கு எறங்கிப்பூடுச்சு. நம்ம வல அவ்ளோ கீழ போவாது. தப்பிச்சி மேல வர்றதயும் பெரிய போட்டுக்காரன் சுருக்குவலயப் போட்டு கூட்டத்தோட வாரிக்கினு போறான்."

கடல் சூடாவது என்றால் உலைப்பானை மாதிரி ஆவி பறக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து அடி வாங்கினேன்.

அடுத்த மாதம் மாமா ஒரு பெரிய தூண்டில் படகில் கூலிக்குச் சேர்ந்தார். மைல் கணக்கில் நீளும் கயிறு, அதில் வரிசையாகத் தூண்டில்கள், ஆழத்தில் தொங்கும். சூரை போகுமிடமெல்லாம் படகும் போகுமாம்.

"தூரமாப் போவாதடா" என்று அம்மா கெஞ்சினாள்.

"மீனு தூரமாப் போனா நான் இன்னாக்கா பண்றது?"

போனவரிடமிருந்து வாரக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. நடுவில் புயல் எச்சரிக்கை வேறு. அம்மா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். எத்தனை முறை போட்டாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகவே ஒரு குரல் சொன்னது. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த சோற்றைத்தான் நான் சாப்பிட்டேன்.

ஒரு சாயங்காலம் மாமா வந்து நின்றார். கறுத்து, பாதியாக இளைத்திருந்தார். ஓடும் கயிற்றிலிருந்த தூண்டில் முள் குத்தி இழுத்ததில் வலது கட்டைவிரல் மடங்காமல் போயிருந்தது. அவ்வளவு தூரம் போயும் படகு நிறையவில்லையாம்.

கோவளத்துப் படகைக் கூட்டாளிக்கே விட்டுவிட்டார். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. முதல் நாள் நீலச் சட்டை, தொப்பி, கழுத்தில் விசில். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடி முழுக்க ஓடி, "எங்க மாமா போலீஸ் ஆயிட்டாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் முன் நின்று சல்யூட் அடித்தேன். மாமாவும் நிமிர்ந்து, காலைச் சேர்த்து எனக்கு ஒன்று அடித்தார்.

"இனிமே தெனமும் வூட்டுக்கு வந்துடுவியா மாமா?"

"வந்துர்றேன் பாப்பா."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சத்தம் போட்டுச் சிரித்தேன்.